சித்தேரிக்கு மேற்கே ஒரு பள்ளம்

நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு வரப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த மாதக் கடைசியில் நான் சிதம்பரத்துக்கு மாறிப் போகிறேன். இப்படியெல்லாம் ஓய்வு பெறுகிறவர்கள்தான் எழுதுவார்கள் என்று அலுவலகத்தில் சிரித்தார்கள். எனக்கு ஓய்வுக்கு இன்னும் வெகுகாலம் இருக்கிறது. ஆனால் ஒரு நீர்வளத் துறைப் பிரிவை ஒப்படைக்கும்போது வரைபடங்களையும் மதகுச் சாவிகளையும் மட்டும் கொடுத்துவிட்டுப் போனால் பாதியைத்தான் ஒப்படைத்ததாகும்.

மட்டம் எடுப்பது, மதகைப் பழுது பார்ப்பது, கரையில் கசிவு வந்தால் மணல் மூட்டை அடுக்குவது எல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாததைக் களப் பணியாளர்கள் சொல்லித் தருவார்கள். நான் ஒரே ஒரு கோப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அது முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். முடியவில்லை. உங்கள் மேசைக்கு வரப்போகிறது.

செம்மண்டலத்தைத் தாண்டி கடலூர் மேற்கே வளர்ந்துகொண்டே போகிற திசையில் சித்தேரி இருக்கிறது. பெயருக்கேற்பச் சின்ன ஏரி. கிழக்கே கரை. கரைக்குக் கீழே ஒரு ஊர். அந்த ஊரின் குடிநீர்க் கிணறு கரையை ஒட்டி இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் போட்ட ஆழ்துளைப் போர்களில் எல்லாம் தண்ணீர் உப்பாகிவிட்டது. ஏரித் தண்ணீர் ஊறி வருவதால் இந்தக் கிணறு மட்டும் வாயில் வைக்கிறபடி இருக்கிறது. இனி நான் சொல்வதில் எதை மறந்தாலும் இந்தக் கிணற்றை மறக்காதீர்கள்.

ஏரிக்கு மேற்கே, தண்ணீர் வரும் பக்கத்தில், அப்போது ஒரு பெரிய கொல்லை இருந்தது. ஒரு காலத்தில் மணிலாக் கடலை போட்டிருக்கிறார்கள். நான் வேலைக்கு வந்தபோது வேலிகாத்தான் முள் முளைத்துக் கிடந்தது. கொல்லைக்கும் மேற்கே, கொஞ்சம் மேட்டில், வீடுகள் நெருங்கிய பழைய நகர் ஒன்று. நான் வாடகைக்கு இருந்ததும் அங்கேதான்.

அந்தக் கொல்லையில் மனைப்பிரிவு போட ஒருவர் விண்ணப்பித்தார். முதுநகரில் இரும்புக்கடை வைத்திருந்து மனைத் தொழிலுக்கு வந்தவர். மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுப்பது நம் வேலையில்லை. அந்த இடம் வெள்ளத்தில் மூழ்குமா என்று பார்த்து, தடையில்லை என்றோ தடை உண்டு என்றோ எழுதுவது மட்டும்தான் நம் வேலை. எனக்கு அப்போது தகுதிகாண் பருவம்கூட முடியவில்லை.

இந்தச் சான்றுகளுக்கான களஆய்வு பெரும்பாலும் கோடையில் நடக்கும். விண்ணப்பிக்கிறவர்கள் கோடையில்தான் விண்ணப்பிப்பார்கள். வண்டி போகும், பாம்பு பயம் இல்லை, நிலம் காய்ந்து நல்ல பிள்ளையாகப் படுத்திருக்கும். நானும் சித்திரை வெயிலில்தான் போனேன், என் ஸ்கூட்டியில். அவர் காரில் வந்து இறங்கி, டிக்கியில் இருந்து இளநீர் எடுத்து வெட்டச் சொன்னார்.

"பாருங்க மேடம். வாய்க்கால் கெடையாது, ஓடை கெடையாது. சுத்தப் பட்டா. இங்க தண்ணி நின்னு யாருமே பாத்ததில்ல."

"மழைக்காலத்துலயுமா?"

"மழைக்காலத்துல தண்ணி எங்கதான் நிக்கல மேடம்? உங்க ஆபீஸ் வாசல்ல நிக்கலியா? நாங்க ரோட்டுக்கு மேல ரெண்டடி மண்ணடிச்சுத்தான் மனையே குடுக்கறோம்."

இளநீரைக் குடித்துவிட்டுக் கரைப் பக்கம் நடந்தேன். கிணற்றடியில் ஒரு பெண் இரண்டு குடங்களில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். அஞ்சலை. அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவர். தூரத்தில் நின்ற காரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எளநி நல்லா இருந்துச்சா மேடம்?"

எனக்குச் சுருக்கென்றது. "தாகமா இருந்துச்சு, குடிச்சேன்" என்றேன்.

"குடிங்க, குடிங்க. எங்களுக்கு இந்தக் கெணறுதான் எளநி. இதுல புள்ளைங்களுக்குச் சோறு பொங்கறேன். போர் தண்ணியில பொங்குனா மஞ்சளாப் பூடும், புள்ளைங்க துன்னாதுங்க." குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "பாத்து எழுதுங்க. வர்றவுங்க எல்லாம் நல்லாத்தான் பாக்கறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இளநீர் குடிப்பது தப்பில்லை. குடித்த இடத்தில் நின்றபடி முடிவு சொல்லக் கூடாது. வேலைக்கு வந்து நானாக வைத்துக்கொண்ட முதல் விதி இது.

அலுவலகத்துக்கு வந்து பழைய கோப்புகளை எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே கேள்வி, ஒரே பதில். இந்த இடம் மூழ்குமா? மூழ்க வாய்ப்புண்டு. அப்படியானால் இத்தனை உயரத்துக்கு மண் கொட்டி மேடாக்கிக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையுடன் தடையில்லை. ஒருவர் எழுதியதை அடுத்தவர் பார்த்து எழுதியிருந்தார். உயரம் மட்டும் மாறும். அந்த நிபந்தனை மனையைக் காப்பாற்றும், வீடு கட்டுகிறவரைக் காப்பாற்றும், கையெழுத்துப் போட்டவரையும் காப்பாற்றும். பக்கத்து நிலத்தைப் பற்றி அது எதுவும் கேட்பதில்லை.

எனக்கு அது கண்ணில் பட்டதற்குப் படிப்பு காரணமில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பா சிதம்பரத்தில் மண் லாரியில் ஏற்றி இறக்கும் வேலை செய்தவர். அவர் வெட்டிக் கொட்டிய மண்ணில்தான் எத்தனையோ தெருக்கள் மேடாயின, அதில் வந்த கூலியில்தான் நான் பொறியாளரானேன். இதை எங்கு வேண்டுமானாலும் தலை நிமிர்ந்து சொல்வேன். அந்த வாரம் ஊருக்குப் போனபோது சாப்பாட்டு நேரத்தில் இந்தக் கொல்லையைப் பற்றிச் சொன்னேன்.

"இதுல இன்னா யோசிக்கறதுக்கு இருக்குது?" என்றார் அப்பா. "மேடாக்குனா தண்ணி நிக்காது."

"இங்க நிக்காது. அப்புறம் எங்க போவும்ப்பா?"

"அடுத்த வூட்டுக்குப் போவும். அவன் மேடாக்கட்டும்."

"அவரும் மேடாக்கிட்டா?"

"அதுக்கு அடுத்த வூடு."

"கடைசி வூடு?"

"கடைசி வூட்டுக்காரன் எவன்னு நமக்கு இன்னாத்துக்கு? சோறு ஆறுது, சாப்புடு."

எங்கள் தெருவில் அப்படித்தான் நடந்தது. ஒருவர் மேடாக்குவார், அந்த மழைக்கு அடுத்த வீட்டில் தண்ணீர் புகும். அவர் மேடாக்குவார். நகராட்சி சாலையை மேடாக்கும். முதலில் மேடாக்கியவர் மறுபடி பள்ளத்தில் இருப்பார். அப்பாவுக்கு அது வேலை. நான் கையைக் கழுவும்போது, இந்தக் கொல்லைக்குக் கடைசி வீடு எது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் தெரிந்திருப்பது வேறு, காட்ட முடிவது வேறு. காய்ந்த கொல்லையில் காட்ட எதுவும் இல்லை. மழையில் பார்க்காமல் எழுத மாட்டேன் என்று முடிவு செய்தேன். சொல்ல எளிதாக இருக்கிறது. தொலைபேசி ஓயவில்லை. கோப்பு எங்கே, எந்த மேசையில், ஏன் அங்கேயே இருக்கிறது என்று மேலே இருந்து கேள்வி வந்தது. என் மேலதிகாரி, உதவி செயற்பொறியாளர், அதிகம் பேசாதவர். பேசினால் குத்திப் பேசுவார்.

"ஏம்மா, காஞ்ச நெலத்துல மழ பெய்யுமான்னு ஜோசியம் பாக்கறியா?"

"ஒரு மழ போதும் சார்."

"மழ வரலைன்னா?"

"கடலூர்ல வராம இருக்குமா சார்?"

அவர் சிரிக்கவில்லை. "புதுசா வந்த பொண்ணு, கையெழுத்துப் போட பயப்படுதுன்னு பேசிக்கறாங்க. பயமா?"

"பயமா இருந்தா எப்பவோ போட்டிருப்பேன் சார்."

கோப்பை என் பக்கமே தள்ளினார். திட்டியிருந்தால்கூடச் சுலபமாக இருந்திருக்கும்.

ஆவணியில் ஒரு பிற்பகல் வானம் இருண்டு கொட்டியது. மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு போனேன். வாய்க்கால் இல்லை என்று அவர் சொன்னது பொய்யில்லை. தண்ணீர் வாய்க்காலில் வரவில்லை. எங்கள் பழைய நகரின் கூரைகளிலும் சிமென்ட் தெருக்களிலும் விழுந்தது எல்லாம் சேர்ந்து, சாக்கடையையும் அள்ளிக்கொண்டு, தெருமுனையில் கறுப்பாக இறங்கியது. பால் பாக்கெட் உறைகள், வண்டி எண்ணெய், கட்டட மணல். என் வீட்டு வாசல் தண்ணீரும் அதில் இருந்திருக்கும். இறங்கிய வேகத்தில் அது ஏரிக்குள் நேராகப் போயிருக்க வேண்டும். போகவில்லை. கொல்லையில் ஏரியை ஒட்டிய கீழ்ப்பகுதியில் ஒரு பள்ளம் இருந்தது. கோடையில் நான் அதன் நடுவில் நின்றும் பள்ளம் என்று தெரியாத அளவுக்கு லேசான பள்ளம். தண்ணீர் அங்கே பரவி, வேலிகாத்தானுக்கு நடுவில் நின்றுவிட்டது.

மறுநாள் காலையில் போனபோது மழை விட்டிருந்தது. குப்பை எல்லாம் முட்களில் சிக்கியிருந்தது. சேறு அடியில் படிந்திருந்தது. பள்ளத்தின் கீழ் விளிம்பில் இருந்து தண்ணீர் மெல்ல வழிந்து ஏரியில் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பாட்டில்களில் பிடித்தேன். ஒன்று தெருமுனையில் தேங்கி நின்றது. இன்னொன்று ஏரியில் இறங்கும் இடத்தில்.

மேலதிகாரியின் மேசையில் இரண்டையும் வைத்தேன்.

"ஒண்ணு டீ, ஒண்ணு தண்ணி. எனக்கு எது?"

சொன்னேன். அவர் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தார்.

"தெளிவா இருந்தா சுத்தம்னு அர்த்தமா?"

"இல்ல சார். ஆனா சேறும் குப்பையும் அங்கயே நின்னுடுது. மனை போட்டு மேடாக்கிட்டா இந்த டீயோட புது நகர் தண்ணியும் சேந்து நேரா ஏரிக்குள்ள போவும். ஏரியில இருந்து கெணத்துக்கு."

"அதுக்கு எந்த விதியில தடை சொல்லுவ? அவன் நெலம். பட்டா. நீர்நிலை புறம்போக்கு இல்ல, வாய்க்கால் இல்ல. நீ வேணாம்னு எழுதுனா அவன் கோர்ட்டுக்குப் போவான். ஒரே நாள்ல தள்ளுபடி பண்ணுவாங்க. அப்புறம் அவன் இஷ்டத்துக்கு மண்ணடிப்பான். நாளைக்கு அவன வரச் சொல்லியிருக்கேன். அதுக்குள்ள யோசிச்சு வை."

அவர் சொன்னது அத்தனையும் சரி. அன்று முழுவதும் யோசித்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. உங்களுக்கும் இப்படி நேரும். நியாயம் நம் பக்கம் இருக்கும், விதி இருக்காது. அப்போது குரலை உயர்த்தத் தோன்றும். உயர்த்தாதீர்கள். எதிரில் இருப்பவர் பேசுவதைக் கேளுங்கள், தன் கையில் இருப்பதை அவரே சொல்லிவிடுவார்.

மறுநாள் மனைக்காரர் வரைபடத்தோடு வந்து உட்கார்ந்தார். பாட்டில்களைக் காட்டினேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. மேடம் போய் அம்மா வந்தது.

"ஏம்மா, அந்த நகர்க்காரன் உடற சாக்கடைக்கு நான் எதுக்கு என் நெலத்த விடணும்? நீங்க இருக்கறதும் அந்த நகர்லதான? மொதல்ல உங்க வூட்டுத் தண்ணிய நிறுத்துங்க."

கேட்டது நியாயம்தான். பாட்டில்களை ஓரமாக நகர்த்தி வரைபடத்துக்கு இடம் விட்டேன்.

"சட்டப்படி என்னென்ன உடணுமோ எல்லாம் உட்டிருக்கேன்" என்று வரைபடத்தில் விரலால் தட்டினார். "ரோடு இவ்ளோ. பார்க் இவ்ளோ. இதோ, வடமேற்கு மூலையில. அவ்ளோ ஆசையா இருந்தா இந்தப் பார்க்குல நிறுத்திக்குங்க உங்க தண்ணிய."

அவர் தட்டிய இடத்தைப் பார்த்தேன். மனையாக வெட்டினால் கோணலாகிவிடும் ஒரு முக்கோணத் துண்டு. கொல்லையிலேயே மேடான மூலை. எந்த மனைப்பிரிவிலும் பூங்கா இப்படித்தான் வரும். விற்க முடியாமல் எஞ்சுவது பூங்காவாகும்.

"சரி சார்" என்றேன். "பார்க்குலயே நிறுத்திக்கறோம். பார்க்க மட்டும் கீழ எடுத்து வெச்சுடுங்க."

அவருக்கு உடனே புரியவில்லை. வரைபடத்தைத் திருப்பி, ஏரியை ஒட்டிய பள்ளத்தைப் பென்சிலால் வட்டமிட்டேன். "இங்க. அதே அளவு. ஒரு அடிகூட ஜாஸ்தி கேக்கல. இந்த இடத்துல மட்டும் மண்ணடிக்கக் கூடாது. பழைய நகர் தண்ணியும் உங்க தெருத் தண்ணியும் இதுக்குள்ள வந்து நின்னு, வழிஞ்சு ஏரிக்குப் போவட்டும்."

"அது லேக் வியூ மனைங்கம்மா. அங்க இருக்கற ஒவ்வொரு மனைக்கும் இப்பவே ஆள் கேட்டுட்டாங்க. தண்ணி நிக்கற பார்க்க எவன் பாப்பான்?"

"லேக் வியூவுக்கு முன்னாடி லேக் வேணும்ல சார்."

அவர் என் மேலதிகாரியைப் பார்த்தார். பெரியவர் ஒரு வார்த்தை சொன்னால் சின்னவள் அடங்கிவிடுவாள் என்று நினைத்திருப்பார். மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்து, "பார்க் அங்க வந்தா எங்களுக்குத் தடையில்ல" என்றார். "மூலையிலயே இருந்தா நான் இன்னொரு மழைக்குக் காத்திருக்கணும். ஐப்பசி வரட்டும், பாக்கலாம்."

காத்திருந்தால் அந்த ஆண்டு விற்பனை போய்விடும் என்பது மனைக்காரருக்குத் தெரியும். திட்டிக்கொண்டேதான் போனார். படிச்ச பொண்ணுங்க கிட்ட மாட்டினா இப்படித்தான் என்று படியிறங்கும்போது சத்தமாகச் சொன்னார். அதை நான் இன்னும் பாராட்டாகத்தான் வைத்திருக்கிறேன். புது வரைபடம் சீக்கிரமே வந்தது. என் குறிப்பில் பழக்க தோஷத்தில் நானும் அந்த வழக்கமான வரியை எழுதியிருந்தேன், மனையிடம் முழுவதையும் மேடாக்க வேண்டும் என்று. மேலதிகாரி "முழுவதையும்" என்பதை அடித்து, "பூங்கா நீங்கலாக" என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

நகர் வந்தது. வீடுகள் வந்தன. மழைக்காலத்தில் பூங்கா குட்டையாகும், கோடையில் விளையாட்டுத் திடலாகும். கிணறு அப்படியே இருக்கிறது. போன மழைக்குப் பிறகு கரையைப் பார்க்கப் போனபோது அஞ்சலை பள்ளிக்கூட வாசலில் அரிசி களைந்துகொண்டிருந்தார். தண்ணீர் எப்படி என்று கேட்டேன்.

"சோறு வெள்ளையாத்தான் இருக்குது" என்றார். "இன்னொரு நாளு சாப்பாட்டு நேரத்துக்கு வாங்க. எளநி கெடையாது."

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன்.

என் தம்பி செம்மங்குப்பத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். வங்கிக் கடனில் மனை வாங்கி வீடு கட்டினான். என்னிடம் கேட்கவில்லை. கிரகப்பிரவேசப் பத்திரிகையில் முகவரியைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. அந்த நகர்தான். பூங்காவுக்கு நேர் எதிர் மனை. அப்பாவும் அம்மாவும் சிதம்பரத்தை விட்டு அவனோடு வந்துவிட்டார்கள். வாங்கச் சொன்னது அப்பாவாம். என் பொண்ணு கையெழுத்துப் போட்ட எடம், தண்ணி நிக்காது என்றாராம். வீட்டுக்குள் நிற்கவில்லை. எதிரே நிற்கிறது.

இப்போது அந்த நகரில் குடியிருப்போர் ஒரு மனு கொடுத்திருக்கிறார்கள். பூங்காவில் மண் கொட்டி மேடாக்கி, நடைபாதையும் பிள்ளையார் கோயிலும் கட்டிக்கொள்ள அனுமதி வேண்டும். மழை மாதங்களில் கொசு தாங்க முடியவில்லை, பாம்பு வருகிறது, பிள்ளைகள் விழுந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அவர்கள் சொல்வது எதுவும் பொய்யில்லை. நிபந்தனை நம் அலுவலகம் போட்டது என்பதால் நம் கருத்துக்கு வந்திருக்கிறது.

முதல் பக்கத்தில் மூன்றாவது கையெழுத்து ஏழுமலை. எங்கு பார்த்தாலும் அந்த எழுத்துகளை எனக்கு அடையாளம் தெரியும். நான் ஆறாவது படிக்கும்போது என் பழைய சிலேட்டில் அப்பாவுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தேன். கைநாட்டு வைக்கிறவரின் மகளாக இருக்கக் கூடாது என்று எனக்கு அப்போதே ஒரு வீம்பு.

ஞாயிற்றுக்கிழமை போனபோது கேட்டேன்.

"ஏம்ப்பா, அது எதுக்குப் பள்ளமா இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும். அதுக்கு? கொசு கடிக்குது. நாலு லோடு அடிச்சா மட்டமாப் பூடும். மனு உன் ஆபீஸ்லதான நிக்குது, ஒரு வார்த்த சொல்லேன்."

"நான் சிதம்பரம் போறேன்ப்பா."

"போறவ கையெழுத்தப் போட்டுட்டுப் போ."

போடவில்லை. என் குடும்பத்தின் பெயர் இருக்கும் மனுவில் நான் கருத்து எழுத முடியாது என்று மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அதனால்தான் அது உங்களிடம் வருகிறது. என்ன பதில் எழுத வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன். நான் எதைப் பார்த்தேன் என்பதை மேலே சொல்லிவிட்டேன். நீங்கள் பார்ப்பது வேறாக இருக்கலாம். கொசுவுக்கு நான் யோசிக்காத வழி உங்களுக்குத் தோன்றலாம்.

மழை வந்ததும் போங்கள். பூங்காவுக்கு எதிர்வீட்டு வாசலில் ஒரு பெரியவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அதிகாரி என்று தெரிந்ததும் டீ போடச் சொல்வார். குடியுங்கள். தன் மகளும் உங்களைப் போல இன்ஜினியர்தான், இந்த இடத்தையே அவள்தான் பார்த்தாள் என்பார். குரலில் பெருமை இருக்கும். கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு எழுந்து, பள்ளத்தைச் சுற்றிக் கரை மேல் நடந்து, கிணற்றடிக்குப் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துப் பாருங்கள்.

அதற்கப்புறம் பதில் எழுதுங்கள். அதில் என் பெயர் வர வேண்டாம்.